முன்னறையில் நான் ஒழித்த இடம்

பினு மக்களே,

நீயும் அப்பாவும் பாங்கோட்டிலுள்ள பட்டாள முகாமுக்குப் போயிருக்கிறீர்கள். மருமகள் ஷைனிக்கு ஆஸ்பத்திரியில் காலை டியூட்டி, பேத்தி அக்ஸா பள்ளிக்கூடத்தில். இந்த நேரத்தை விட்டால் எனக்கு எழுத வாய்க்காது. பதினேழு வருஷப் பட்டாளம் முடித்து நீ வீடு வந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. அதற்குள், ஓய்வுபெற்றவர்களை ஆயுதக் கிடங்குக் காவலுக்கு மறுபடி எடுக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டாய். திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டால் ஜபல்பூரோ நாசிக்கோ, அவர்கள் அனுப்பும் இடத்துக்குப் போக வேண்டியதுதான். ஏன் என்று நான் உன்னிடம் கேட்கவில்லை. முந்தாநாள் ஷைனிதான் அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். "நான் வந்தது அம்மைக்குப் பிடிக்கல்ல, ஷைனி. என் முகத்த நேரே பாக்கவே மாட்டேங்குது. பின்னே நான் எதுக்காக்கும் இங்கின கெடக்கணும்?" என்று அவளிடம் கேட்டாயாம். அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. பக்கத்தில் அத்தனை வெங்காயம் இருந்தும் வரவில்லை.

நேரில் சொல்லலாமே என்பாய். நான் வாயைத் திறந்தால் ஏச்சுத்தான் வரும், உனக்குத் தெரியாததா? அதனால்தான் இந்தப் பேப்பர். நீ படித்ததெல்லாம் மலையாளம் என்றாலும், குடும்ப ஜெபத்தில் அடித்து உட்கார வைத்துத் தமிழ் வேதாகமம் வாசிக்கப் பழக்கினேனே, அது இப்போது உதவட்டும். எழுத்துக்கூட்டியாவது வாசி. அப்பாவும் வாசிக்கட்டும், ஷைனியும் வாசிக்கட்டும். இதில் ஒளிப்பதற்கு இனி ஒன்றும் இல்லை.

ஸ்டேஷனில் எடுத்த அந்த வீடியோவை நீ திரும்பத் திரும்பப் பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியும். செண்டை மேளமும் மாலையும் திறந்த ஜீப்புமாக, இங்கே ஓய்வுபெற்று வருகிற ஒவ்வொரு பட்டாளக்காரனுக்கும் பழைய பட்டாளக்காரர்கள் சங்கம் கூடிச் செய்வதைத்தான் உனக்கும் செய்தார்கள். நன்றாகத்தான் செய்தார்கள். நீ ரயில் பெட்டியிலிருந்து இறங்கினாய். அக்ஸா ஓடிவந்து உன் காலைக் கட்டிக்கொண்டாள். ஷைனி அழுதாள், உன் அப்பாகூட அழுதார். நான் கொடியில் துணி போடுகிற மாதிரி உன் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றேன். சங்கத்துச் சுரேந்திரன், "அம்மே, மோனெ ஒந்நு கெட்டிப்பிடிக்கு, வீடியோ எடுக்குந்நுண்டு" என்று, உன்னைக் கட்டிப்பிடிக்கச் சொல்லிக் கத்தினார். நான், "வெயில் ஏறுது, வீட்டுக்குப் போவலாம்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பட்டாளக்காரனைப் பெற்ற அம்மையல்லவா, அதுதான் இவ்வளவு உறுதி என்று யாரோ சொன்னதும் அதில் கேட்கிறது. உறுதியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்த நேரத்தில் எனக்கு எதுவுமே இல்லை. உன்னைப் பார்த்தேன், இது பினு என்று தெரிந்தது, அதற்கு மேல் உள்ளே ஒன்றும் அசையவில்லை. அதற்குக் காரணம் நீ அல்ல. நீ வருவதற்கு இரண்டு நாள் முன்னால் நடந்தது ஒன்று உண்டு. அதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று காலை நான் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். உன் கட்டிலுக்குப் புது விரிப்பு, நீ விரும்பித் தின்கிற நேந்திரங்காய் வற்றல், அக்ஸாவுக்கு வளையல். முந்தின நாள்தான் நீ ரயில் ஏறியதும் கூப்பிட்டு, "எல்லாருக்கும் கை கொடுத்துட்டு எறங்கிட்டேன் அம்மா, இனி பட்டாளம் இல்ல" என்று சொல்லியிருந்தாய். "சரி, தண்ணி குடி, வச்சிருறேன்" என்று நானும் வைத்துவிட்டேன். பழக்கம் அப்படி. பை நிறைய வாங்கிக்கொண்டு கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றேன். பஸ் போர்டு எனக்கு வாசிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். மார்த்தாண்டத்தில் பிறந்து தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து மலையாளம் நாக்கில் ஏறியது, கண்ணில் ஏறவில்லை. நீ இரண்டாம் வகுப்பில் இருக்கும்போது சிலேட்டை எடுத்து வந்து எனக்குச் சொல்லித்தரப் பார்த்தாய். "இது உருட்டி உருட்டி ஜாங்கிரி மாதிரியில்லா இருக்கு, போ" என்று விரட்டிவிட்டேன். இத்தனை வருஷமாக, கண்ணாடி எடுக்க மறந்துவிட்டேன் என்று சொல்லித்தான் பக்கத்தில் நிற்பவர்களிடம் போர்டு கேட்டு ஏறுகிறேன். அன்றும் அப்படித்தான் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

பாலராமபுரம் ஜங்ஷனுக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் நெரிசலில் நின்றது. மின்கம்பத்துக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு ஃபிளெக்ஸ் போர்டு. அதில் நீ. யூனிஃபார்மில், மார்பு வரைக்கும், தொப்பியோடு. இரண்டு பக்கமும் தேசியக் கொடி, கீழே ஒரு வரிசை ரோஜாப்பூ, அதற்கும் கீழே சின்னச் சின்ன வட்டங்களில் சங்கத்துக்காரர்களின் முகங்கள். மேலே பெரிதாக ஏதோ எழுதியிருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. ஆனால் அந்தப் போர்டை நான் முன்பே பார்த்திருக்கிறேன் மக்களே. ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் அதே ஜங்ஷனில், பனிச்சரிவில் செத்துப்போன நம் ஊர்ப் பட்டாளக்காரப் பையனுக்கு வைத்தது. அதே கொடி, அதே பூ, அதே வட்ட முகங்கள். இரண்டும் ஒரே கடைக்காரர் அடித்தவை, பட்டாளக்காரன் என்றால் அவர் கம்ப்யூட்டரில் அந்த ஒரு டிசைன்தான் உண்டு என்று பிறகு தெரிந்தது. அப்போது எனக்கு அதெல்லாம் தெரியாது. யூனிஃபார்ம் போட்ட படத்தை நடுத்தெருவில் வைத்தால் என்ன அர்த்தம் என்று மட்டும்தான் தெரியும். நீ பட்டாளத்தை விட்டு ரயில் ஏறிவிட்டாய் என்பதுகூட அந்த நேரத்தில் எனக்கு உதவவில்லை. பஸ் நகர்ந்தது. என் மடியில் வற்றல் பை சூடாக இருந்தது.

பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள். அந்தப் போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளிடம் கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். கேட்கவில்லை. வெட்கம் என்று நினைக்காதே. கேட்டால் அவள் சொல்லிவிடுவாளே, அந்தப் பயம்தான். போனைக் கையில் எடுத்தேன். உன் பெயர் மேலேயே கிடந்தது. அழுத்தவில்லை. வேறு யாராவது எடுத்தால்? உன் அப்பாவைக் கூப்பிடலாம் என்றால், அவருக்கு இன்னும் தெரியாமல் இருந்தால் அவருக்கு நானா சொல்வது? ஜங்ஷனில் இறங்காமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, ஆள் நடமாட்டமில்லாத வாழைத்தோட்டத்து வழியாகச் சுற்றி வீட்டுக்கு வந்தேன். அழுதுகொண்டு வந்தேன் என்று நினைப்பாய். இல்லை. ஷைனி டியூட்டியில் இருப்பாள், ஆஸ்பத்திரியிலேயே யாராவது சொல்லிவிடக் கூடாது, முதலில் அவள் வீடு வந்து சேர வேண்டும் என்று அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். கதவைத் திறந்தேன், பையை இறக்கினேன், தண்ணீர் குடித்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் உனக்குத் தெரிய வேண்டும். பனியில் போன அந்தப் பையனின் வீட்டுக்கு நான் சபைப் பெண்களோடு போயிருந்தேன். பட்டாள லாரி வந்து நிற்கிறது, கொடி போர்த்திய பெட்டியைத் தோளில் ஏற்றியாகிவிட்டது, உள்ளே கொண்டுபோக இடமில்லை. முன்னறையில் பெரிய சோபா, டீப்பாய், டிவி ஸ்டாண்டு. நாலு ஆண்கள் சோபாவைத் தூக்குகிறார்கள், அது கதவில் மாட்டிக்கொள்கிறது, சாய்க்கிறார்கள், திருப்புகிறார்கள். அவ்வளவு நேரமும் அந்தப் பையன் தன் வீட்டு வாசலில் வெயிலில் காத்து நின்றான். அவனைப் பெற்றவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது என் கண்ணை விட்டுப் போகவே இல்லை. என் பிள்ளை அப்படி வாசலில் நிற்கக் கூடாது என்று தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது. உன் அப்பாவும் நானும் சேர்ந்து பிடித்தாலே அசையாத அந்தச் சோபாவை நான் ஒற்றையாக இழுத்துப் பின்கட்டில் போட்டேன். டிவி ஸ்டாண்டைத் தள்ளினேன். டீப்பாயைக் கட்டிலுக்கு அடியில் செருகினேன். முன்னறையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். கால் எந்தப் பக்கம், தலை எந்தப் பக்கம் என்று நின்று பார்த்தேன். பிறகு பீரோவைத் திறந்து வெள்ளைத் துணிகளை எடுத்தேன். அப்பாவின் வேட்டி சட்டை, என் சேலை, கிறிஸ்மஸுக்கு அக்ஸாவுக்கு எடுத்த வெள்ளைக் கவுன். எல்லாவற்றையும் இஸ்திரி போட்டேன். கவுனில் ஒரு மடிப்பு போகாமல் இருந்தது. தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்த்தேன்.

உன் அப்பா வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்தவர் சிரிக்கிறார். "ஏட்டி, இப்பமே எடம் ஒதுக்கியாச்சா? நாளைக்கு ஆளுவ வந்து ஒதுக்கித் தருவாங்கல்லா? உனக்க நடுவு ஒடிஞ்சு போவாது?" என்றார். "ஜங்ஷன்ல போர்டு வச்சாச்சு, பாத்தியா? உனக்கொரு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சொல்லாம வச்சிருந்தேன். வரவேற்பு போர்டு! சுரேந்திரன் ஒரு நாள் முந்தியே கட்டிட்டான், மடையன்" என்றார். வரவேற்பு போர்டு. நான் கையில் இஸ்திரிப் பெட்டியோடு நிற்கிறேன். அப்போது நான் விழுந்து புரண்டு அழுதிருக்க வேண்டும், சிரித்திருக்க வேண்டும், அந்த மனுஷன் தலையில் இஸ்திரிப் பெட்டியைப் போட்டிருக்கவாவது வேண்டும். "ஆமா, ஆளுவ வருவாங்கல்லா, அதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய் அரிசி கழுவினேன். அவ்வளவு சந்தோஷமாக நின்ற மனிதரிடம், நான் நம் பிள்ளையைக் கிடத்த இடம் ஒழித்தேன் என்று எப்படிச் சொல்வது? அன்று சொல்லாமல் விட்டேன். அதற்குப் பிறகு சொல்ல முடியாமலே போய்விட்டது.

இப்போது நீ எண்ணிப் பார். ஸ்டேஷனில் நீ அக்ஸாவைத் தூக்கி, "வெள்ளக் கவுன்ல மாலாக மாதிரி இருக்கியே" என்று தேவதையாக்கிக் கொஞ்சினாயே, அந்தக் கவுனை நான் வரவேற்புக்கு எடுத்து வைக்கவில்லை. நீ வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாரும், "என்ன வசதியா எடம் போட்டிருக்காங்க" என்று என்னைப் புகழ்ந்தார்களே, அந்த இடத்தில்தான் நாற்காலி போட்டுப் பிரியாணி தின்றார்கள். போதகர் வந்து நன்றி ஜெபம் செய்தபோது நீ எந்த இடத்தில் முழங்காலில் நின்றாய் என்று எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. நான் கண்ணை மூடவில்லை. ஆமென் சொன்னேன், பரிமாறினேன், எச்சில் இலை எடுத்தேன். எல்லாம் கை செய்தது.

அதற்கு மூன்றாம் நாள் மத்தியானம் நீ உஷ்ணம் தாங்காமல் முன்னறைத் தரையில், ஃபேனுக்குக் கீழே, வெறும் பாயைப் போட்டு மல்லாந்து படுத்துத் தூங்கிவிட்டாய். கையை மார்பில் வைத்திருந்தாய். நான் அடுக்களையிலிருந்து வந்தவள் பார்த்துவிட்டு, "எழும்புலே! அங்கக் கெடக்காத! வேற எங்கயாவது போய்க் கெட!" என்று கத்தினேன். நீ பதறி எழுந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போனாய். பட்டாளத்தில் பழகிய ஆள் அல்லவா, உத்தரவு என்றால் காரணம் கேட்க மாட்டாய். நான் உன்னை வீட்டிலிருந்து விரட்டுகிறேன் என்றே நினைத்துவிட்டாய். நினைக்காமல் என்ன செய்வாய்? நான் வேறென்ன சொன்னேன் உன்னிடம்?

உள்ளதைச் சொன்னால், இந்த மரத்துப் போனது போர்டு பார்த்த அன்று புதிதாக வந்ததும் அல்ல. நீ முதல் முறை போனபோது ரயில் போன பிறகும் நான் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதேன். உன் அப்பா டீ வாங்கிக் கொடுத்து என்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். அடுத்த லீவுக்கு வந்து போனபோதும் அழுதேன். பிறகு எப்போதோ ஒரு தடவை, நீ பெட்டியோடு படியிறங்கும்போது, காஸ் சிலிண்டர் எப்போது வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்படித்தான் அது நின்றது. போனில் நீ பேசினால் சாப்பிட்டாயா, தூங்கினாயா, சரி வச்சிருறேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டால் நீ எங்கே நிற்கிறாய் என்று கேட்க வேண்டி வரும். கேட்டால் அன்றைக்கு எனக்குத் தூக்கம் போகும். அதனால் கேட்பதில்லை. கேட்காமல் இருந்து இருந்து, ஒரு பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவளிடம்கூடக் கேட்க முடியாதவளாக ஆகிவிட்டேன்.

உனக்கு நான் சொல்லித்தர ஏதாவது உண்டென்றால் இது ஒன்றுதான். கேள். அம்மை ஏன் முகத்தைத் திருப்புகிறாள் என்று ஷைனியிடம் கேட்காதே, என்னிடம் வந்து கேள். நான் ஏசினால் திரும்பவும் கேள். ஷைனியையும் கொஞ்சம் பார். இந்த ஒரு வருஷமாக நீ கூப்பிடும்போது அவளும், "சாப்பிட்டீங்களா, சரி, டூட்டிக்கு நேரமாச்சு" என்று வைக்கிறாள். நீ மறுபடி எழுதிக் கொடுத்ததைச் சொன்ன அன்று அவள் அழுதாளா? இல்லை. அக்ஸாவின் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள், கழுவி முடித்தாள். நீ அவளுக்குக் கவலையில்லை என்று நினைத்திருப்பாய். எனக்கு அந்தக் கழுவல் என்னவென்று தெரியும். இன்னும் சில வருஷம் நீ அங்கே நின்றால் அவளும் நான் நிற்கிற இடத்தில் வந்து நிற்பாள்.

நேற்று மத்தியானம் நடந்ததை வைத்துத்தான் எனக்கு இதை எழுதத் துணிச்சலே வந்தது. சாளை மீன் குழம்பில் உப்பு இல்லை என்றாய். "உனக்கு நாக்கு செத்துப் போச்சு" என்றேன். நீ தட்டைத் தள்ளிவிட்டாய். "மெஸ்ல தின்னப்பம்கூட ஒருத்தனும் எனக்க முன்னால இப்பிடி மொகத்தத் தூக்கிட்டு நின்னதில்ல! வீட்டுக்கும் வராண்டாம், தரையிலயும் கெடக்காண்டாம், பின்னே நான் எங்கதான் போவணும்? சொல்லு அம்மா!" என்று கத்தினாய். சின்ன வயசில் கோபம் வந்தால் சிவக்குமே, அதே மாதிரி உன் காது இரண்டும் சிவந்துவிட்டது. கழுத்து நரம்பு துடித்தது. உன் எச்சில் என் கையில் தெறித்தது. நான் திரும்பி அடுக்களைக்குப் போனதும் எனக்குத் திமிர் என்று நினைத்திருப்பாய். திமிர் இல்லை மக்களே, என் கால் நடுங்கியது. அந்தப் போர்டைப் பார்த்த நாளிலிருந்து முதல் தடவையாக என் உடம்பில் ஏதோ நடுங்கியது. எனக்குள்ளே நான் கிடத்தி வைத்திருந்த பினு நல்ல பிள்ளை. கண்ணை மூடிக் கிடப்பான், ஒன்றும் கேட்க மாட்டான், குழம்பில் உப்பு இருக்கிறதா என்று பார்க்க மாட்டான். அவனுக்குக் கோபம் வராது. காது சிவக்காது. நேற்று நீ கத்தியபோதுதான் அவன் வேறு, நீ வேறு என்று எனக்குத் தெரிந்தது. கொடியும் மேளமும் மாலையும் போட்டு ஊரே உன்னை வரவேற்றது. எனக்கு நீ நேற்றுத்தான் வந்தாய், அதுவும் பாதிதான் வந்திருக்கிறாய்.

அதனால் திங்கட்கிழமை கையெழுத்துப் போடாதே. போயே ஆக வேண்டும், வேலை வேண்டும் என்று உனக்கே தோன்றினால் அது வேறு, உட்கார்ந்து பேசுவோம். அம்மைக்கு வேண்டாம் என்று மட்டும் போகாதே. இன்றைக்கும் சாளைதான் வைத்திருக்கிறேன். உப்பு சரியாக இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. வந்து சாப்பிடு, குறை சொல்லு, கத்து. நானும் கத்துகிறேன். நாளைக்கும் கத்து. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் உன்னோடு சண்டை போட வேண்டும்.

அம்மை